கம்பிக்குள் ஒளிந்திருக்கும் ஏணி



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். வயலினில் ஒரே ஒரு கம்பியை வில்லால் இழுத்துக்கொண்டே, இன்னொரு கை விரலை அந்தக் கம்பியின் மேல் சறுக்கிக்கொண்டு போனால் சத்தம் எப்படி வரும்? "உய்ய்ய்ங்" என்று வழுவழுன்னு ஏறும், அல்லது இறங்கும். அப்படித்தானே சொல்வீர்கள்? விரலை அழுத்திச் சறுக்கினால் அது சரிதான். கர்நாடக சங்கீதத்தில் அதை ஜாரு என்று சொல்வார்கள். மேற்கத்திய இசையில் அதற்குப் பெயர் கிளிசாண்டோ.

ஆனால் விரலை அழுத்தாமல், பூவின் மேல் பட்டாம்பூச்சி உட்கார்வது மாதிரி சும்மா தொட்டுக்கொண்டு சறுக்கிப் பாருங்கள். சத்தம் சறுக்காது, குதிக்கும்! புல்லாங்குழல் மாதிரி மெல்லிய சத்தம், மேலே ஒன்று, கீழே ஒன்று, மறுபடி மேலே ஒன்று என்று தாவித் தாவிப் போகும். இதற்குப் பெயர் இயற்கைச் சீரிசைச் சறுக்கல்.

இது ஏன் நடக்கிறது, இதைக் காகிதத்தில் எப்படி எழுதுவது என்பதுதான் இந்தக் கட்டுரை. எழுதுவதில் என்ன பெரிய கஷ்டம் என்று நினைக்காதீர்கள். கஷ்டமே அங்கேதான் இருக்கிறது.

கம்பிக்குள் என்ன நடக்கிறது?

நாம் கயிறு தாண்டி விளையாடும்போது இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துச் சுற்றுவோம். கயிறு ஒரே வயிறாக மேலும் கீழும் போகும். இன்னும் வேகமாக ஆட்டினால் சில சமயம் நடுவில் ஓர் இடம் அசையாமல் நிற்க, கயிறு இரண்டு வயிறாகப் பிரியும். பார்த்திருப்பீர்கள். அந்த அசையாத இடத்துக்குக் கணு என்று பெயர்.

வயலின் கம்பியும் இப்படித்தான். ஆனால் அது ஒரு பெரிய கெட்டிக்காரக் கயிறு. ஒரு வயிறாகவும், இரண்டு வயிறாகவும், மூன்று, நான்கு, ஐந்து வயிறாகவும் எல்லாம் ஒரே நேரத்தில் ஆடும். நம் காதுக்கு அவ்வளவும் கலந்து ஒரே ஸ்வரமாகக் கேட்கிறது. வயலினின் ஏ கம்பி வினாடிக்கு 440 தடவை அதிர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே 880, 1320, 1760, 2200, 2640 என்று 440-இன் வாய்ப்பாடு முழுக்க ஒளிந்திருக்கிறது. இவைதான் சீரிசைகள்.

இப்போது கம்பியின் சரியான நடுவில் லேசாகத் தொட்டால் என்ன ஆகும்? நடுவில் அசைய வேண்டிய ஆட்டமெல்லாம் விரல் பட்டு நின்றுபோகும். நடுவில் கணு உள்ள ஆட்டம் மட்டும் தப்பித்துக்கொள்ளும். ஏனென்றால் அது அங்கே எப்படியும் அசையப் போவதில்லையே! அதனால் 440 மறைந்து 880 மட்டும் தெளிவாகக் கேட்கும். மூன்றில் ஒரு பங்கில் தொட்டால் 1320. நான்கில் ஒரு பங்கில் தொட்டால் 1760.

விரல் புதிதாக எதையும் உண்டாக்கவில்லை. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களில் யார் பேசலாம், யார் சும்மா இருக்கணும் என்று சொல்கிறது. அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரியுமா? தம்புராவில் சட்ஜமும் பஞ்சமமும்தான் சுருதி சேர்த்திருப்பார்கள். ஆனாலும் கவனமாகக் கேட்டால் அந்தர காந்தாரம் கேட்கும். காந்தாரத்துக்கென்று கம்பியே கிடையாது! அது ச கம்பிக்குள் இருக்கும் ஐந்தாவது சீரிசை.

நம் கணக்குப் புத்தகம் இங்கே எங்கே வந்தது?

60 செ.மீ. நீளக் கம்பி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் சொந்த ஸ்வரம் ச. பிருடைப் பக்கத்திலிருந்து அளக்கிறோம். லேசாகத் தொட்டால் வருவது இது:

30 செ.மீ. (1/2): மேல் ச
20 செ.மீ. (1/3): அதற்கும் மேலே ப
15 செ.மீ. (1/4): இன்னும் மேலே ச
12 செ.மீ. (1/5): அதற்கு மேலே க
10 செ.மீ. (1/6): அதற்கு மேலே ப

ஏணி மாதிரி ஏறுகிறது இல்லையா? படிகள் மேலே போகப் போக நெருக்கமாகின்றன.

சரி, 24 செ.மீ.யில் தொட்டால்? 24/60 என்பதைச் சுருக்கினால் 2/5. கீழே இருக்கும் எண் 5. அப்படியானால் ஐந்தாவது சீரிசை, அதாவது 12 செ.மீ.யில் கேட்ட அதே க! பின்னத்தைச் சுருக்கிவிட்டுப் பகுதியை மட்டும் பாருங்கள், அதுதான் எத்தனையாவது சீரிசை என்று சொல்லும். தொகுதி எதுவாக இருந்தாலும் கவலையில்லை. "பின்னத்தைச் சுருக்கி எழுதுக" என்று கணக்கு டீச்சர் ஏன் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்று இப்போது கம்பியே பதில் சொல்கிறது.

இதனால்தான் சத்தம் குதிக்கிறது. விரல் நடுவிலிருந்து பிருடையை நோக்கி ஒரே திசையில் போகிறது என்று வையுங்கள். வழியில் வரும் பின்னங்கள் (பகுதி 8 வரை மட்டும் எடுத்துக்கொண்டால்):

1/2, 3/7, 2/5, 3/8, 1/3, 2/7, 1/4, 1/5, 1/6, 1/7, 1/8

பகுதிகளை மட்டும் வாசியுங்கள்: 2, 7, 5, 8, 3, 7, 4, 5, 6, 7, 8.

பார்த்தீர்களா? விரல் நேராகப் போகிறது. சத்தம் 2-இலிருந்து 7-க்குத் தாவி, 5-க்கு இறங்கி, 8-க்கு ஏறி, 3-க்கு விழுகிறது. நான்கில் ஒரு பங்கைத் தாண்டிய பிறகுதான் ஒழுங்கான ஏணி. இதில் 7, 8 போன்றவை மெலிந்த குரல்காரர்கள். வேகமாகச் சறுக்கினால் சில சமயம் கேட்காமலே போய்விடும். வில்லைக் குதிரைக்குப் பக்கத்தில் வைத்து இழுத்தால் இந்த மேல் சீரிசைகள் நன்றாக வெளியே வரும்.

செய்து பாருங்கள்

வயலின் இல்லையே என்று கவலை வேண்டாம். ஒரு மரப்பலகை, இரண்டு ஆணி, மெல்லிய இரும்புக் கம்பி, இரண்டு பென்சில் போதும். ஆணிகளுக்கு நடுவே கம்பியை விறைப்பாகக் கட்டி, 60 செ.மீ. இடைவெளியில் இரண்டு பென்சில்களைக் கம்பிக்கு அடியில் செருகுங்கள். பலகையை ஒரு காலி பிஸ்கட் டின் மேல் வைத்தால் சத்தம் கூடும்.

சின்னக் காகிதத் துண்டுகளைக் கூரை மாதிரி மடித்து, இடது பென்சிலிலிருந்து 30, 40, 50 செ.மீ. இடங்களில் கம்பி மேல் உட்கார வையுங்கள். 20 செ.மீ.யில் லேசாகத் தொட்டுக்கொண்டு 10 செ.மீ.யில் சுண்டுங்கள். 30-இலும் 50-இலும் இருக்கும் காகிதம் துள்ளும். 40-இல் இருப்பது மட்டும் அப்படியே உட்கார்ந்திருக்கும். அதுதான் கணு!

(கம்பியை அளவுக்கு மீறி முறுக்காதீர்கள். அறுந்தால் முகத்தில் அடிக்கும். ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.)

இந்தக் காகித வித்தை ரொம்பப் பழையது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டில் இரண்டு பேர் செய்து பார்த்ததை ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் 1677-இல் எழுதி வெளியிட்டார். பிறகு 1701-இல் பிரான்ஸில் ஜோசப் சோவர் என்பவர் இதை விரிவாக ஆராய்ந்தார். கணு என்று பொருள்படும் பெயரை அசையாத புள்ளிக்கு வைத்தவர் அவர்தான். அவருக்குச் சின்ன வயதில் ஏழு வயது வரை பேச்சு வரவில்லை, காதும் சரியாகக் கேட்காது. அவர்தான் ஒலியைப் பற்றி ஒரு தனி அறிவியல் துறையே வேண்டும் என்று சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த செய்தி இது.

இனிமேல்தான் சிக்கல்: இதை எழுதுவது எப்படி?

மேற்கத்திய இசையை ஐந்து கோடு போட்டு அதில் புள்ளி வைத்து எழுதுவார்கள். புள்ளி மேலே போனால் சத்தம் மேலே, கீழே வந்தால் சத்தம் கீழே. கையும் காதும் ஒன்றுபோலவே போகும்வரை இதில் பிரச்சினையே இல்லை.

சீரிசையில் கை ஒன்று செய்கிறது, காது ஒன்று கேட்கிறது. 15 செ.மீ.யில் விரலை அழுத்தினால் வருவது ம. அதே இடத்தில் லேசாகத் தொட்டால் வருவது இரண்டு ஸ்தாயி மேலே ச. 10 செ.மீ.யில் அழுத்தினால் சாதாரண காந்தாரம், தொட்டால் உச்சத்தில் ப. அப்படியானால் காகிதத்தில் எதை எழுத வேண்டும்? கை வைக்கும் ம-வையா, காதில் கேட்கும் ச-வையா?

இரண்டு முறையும் வழக்கத்தில் இருக்கிறது.

முதல் முறை, காதுக்கு எழுதுவது. கேட்க வேண்டிய ஸ்வரத்தை எழுதி, அதன் தலைக்கு மேல் ஒரு சின்ன வட்டம் போடுவார்கள். "இந்தச் சத்தம் சீரிசையாக வரணும், எங்கே தொடுவது என்று நீ பார்த்துக்கொள்" என்று பொருள்.

இரண்டாம் முறை, கைக்கு எழுதுவது. தொட வேண்டிய இடத்தை, புள்ளிக்குப் பதிலாக உள்ளே வெறுமையான சாய்சதுரம் வரைந்து காட்டுவார்கள். "இங்கே தொடு, அழுத்தாதே, வருவது வரட்டும்" என்று பொருள்.

தனி ஸ்வரத்துக்கு இரண்டுமே நல்ல முறைதான். சறுக்கலுக்கு வரும்போதுதான் வம்பு.

காதுக்கு எழுதினால், குதிக்கும் பதினோரு ஸ்வரத்தையும் நெருக்கி நெருக்கி எழுத வேண்டும். வாசிப்பவர் ஒவ்வொன்றையும் தேடுவார். ஐந்தாவது சீரிசைக்கு மட்டும் கம்பியில் நான்கு இடங்கள் இருக்கின்றன (1/5, 2/5, 3/5, 4/5). எதைத் தொடுவது? இன்னொரு ஆபத்தும் உண்டு. எழுதுபவர் அழகுக்காக 2, 3, 4, 5, 6 என்று ஒழுங்கான ஏணியாக எழுதிவிடலாம். ஆனால் நடுவிலிருந்து சறுக்கினால் 3 வருவதற்கு முன்பே 2/5 குறுக்கே நிற்கும், 5 எட்டிப் பார்த்துவிடும். காகிதத்தில் இல்லாத ஸ்வரம் கம்பியில் வரும். கம்பி எழுதியவருக்குக் கீழ்ப்படியாது, பின்னத்துக்குத்தான் கீழ்ப்படியும்.

கைக்கு எழுதினால் வேலை சுலபம். ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு சாய்சதுரம், முடியும் இடத்தில் ஒரு சாய்சதுரம், நடுவே சாய்ந்த நேர்கோடு. வாசிப்பவருக்கு உடனே புரியும். ஆனால் தூரத்தில் நின்று முழுத் தாளையும் பார்த்து எல்லோரையும் நடத்தும் நடத்துநருக்கு, அந்தத் தாளைப் பார்த்தால் என்ன சத்தம் வரும் என்று தெரியாது. நேர்கோடு வேறு "வழுவழுன்னு போ" என்று சொல்வது போல இருக்கும்.

நம் தமிழ் எழுத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. பல், அம்பு, கோபம். மூன்றிலும் ஒரே ப வரிசைதான். ஆனால் வாயில் வரும் சத்தம் ஒன்றா? சொல்லின் முதலில் ஒரு மாதிரி, மெல்லினத்துக்குப் பின்னால் ஒரு மாதிரி. எழுத்து இடத்தைக் காட்டுகிறது, இடம் சத்தத்தை முடிவு செய்கிறது. நமக்கு அது பழக்கம், அதனால் தடுமாறுவதில்லை. புதிதாகத் தமிழ் படிப்பவர் தடுமாறுவார். சாய்சதுரமும் இதே மாதிரிதான். பழகியவருக்கு எழுத்து, பழகாதவருக்குப் புதிர்.

ஒரு சின்ன வட்டம் காணாமல் போனால்...

குறி சின்னது, ஆனால் அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர் சர்ச் பாடகர் குழுவில் வயலின் வாசிக்கும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். ஒரு கிறிஸ்துமஸுக்கு வாசித்த இசையில் கடைசி ஸ்வரம் கம்பியின் நடுவில் வருவது. அண்ணன் கையில் இருந்தது ஜெராக்ஸ் தாள், அதுவும் மங்கல். அவர் விரலை அழுத்தி வாசித்தார். அவ்வளவு மேலே அழுத்தி வாசிப்பது கஷ்டம், சத்தம் கரகரத்து முடிந்தது. "நல்லாத்தான் வாசிச்சான், கடைசியில பிசிறடிச்சிடுச்சு" என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அண்ணன் ஒரு வாரம் வயலினைத் தொடவே இல்லை.

அப்புறம் மூலப் புத்தகத்தை யாரோ கொண்டுவந்து காட்டினார்கள். அந்த ஸ்வரத்துக்கு மேலே கடுகளவு வட்டம் இருந்தது. ஜெராக்ஸில் அது விழவே இல்லை! அதே இடத்தில் லேசாகத் தொட்டு வாசித்தார். கண்ணாடி டம்ளரைத் தட்டியது போலச் சுத்தமாக வந்தது. நடுப்புள்ளியில் அழுத்தினாலும் தொட்டாலும் ஸ்வரம் ஒன்றுதான், குரல்தான் வேறு. அண்ணன் கையில் குறை எதுவும் இல்லை. காகிதத்தில் இருந்தது. ஆனால் பேச்சு வாங்கியது அவர்தான்.

எழுதியவர் எங்கோ இருக்கிறார், வாசிப்பவர் இங்கே இருக்கிறார். நடுவில் இருப்பது காகிதம் மட்டும்தான். அதனால்தான் எதை எழுதுவது, எப்படி எழுதுவது என்று இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது.

குழப்பும் குறிகள் இன்னும் இரண்டு

ஒன்று, வயலின் தாளில் 0 என்று எண் போட்டால் "விரலே வைக்காதே, கம்பியைத் திறந்து விடு" என்று பொருள். சீரிசைக்குப் போடும் வட்டமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் இருக்கும். கையால் எழுதும்போது முட்டையாகப் போட்டால் பூஜ்யம், உருண்டையாகப் போட்டால் சீரிசை. கையெழுத்து மோசமானால் கதை கந்தல்.

இரண்டு, செயற்கைச் சீரிசை. இதில் ஒரு விரல் கம்பியை அழுத்தும், இன்னொரு விரல் கொஞ்சம் தள்ளி லேசாகத் தொடும். எழுதும்போது கீழே சாதாரணப் புள்ளி, மேலே சாய்சதுரம். இப்படி இரண்டு விரலையும் சரியான விகிதத்தில் வைத்துக்கொண்டு சறுக்கினால் சத்தம் விசில் மாதிரி வழுவழுவென்று போகும். வெறும் சாய்சதுரம் மட்டும் போட்டுச் சறுக்கினால் குதிக்கும். காகிதத்தில் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். காதில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!

அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கிரம் இதிலேயே ஒரு விளையாட்டுக் காட்டினார். 1971-இல் புல்லாங்குழல், செல்லோ, பியானோ மூன்றுக்கும் 'திமிங்கிலத்தின் குரல்' என்று பொருள்படும் ஓர் இசையை எழுதினார். கூனல் முதுகுத் திமிங்கிலங்களின் ஒலிப்பதிவைக் கேட்டதால் வந்த யோசனை அது. வாசிப்பவர்கள் முகத்தில் கறுப்பு அரை முகமூடி அணிய வேண்டும் என்றும் எழுதினார். அதில் செல்லோக்காரர் இரண்டு விரல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மாற்றாமல் மேலிருந்து கீழே சறுக்க வேண்டும். இடைவெளி மாறாததால் விகிதம் மாறிக்கொண்டே போகும். சத்தம் இறங்கும், சட்டென்று பழைய உயரத்துக்குத் தாவும், மறுபடி இறங்கும். கேட்டால் கடற்காகம் கத்துவது மாதிரியே இருக்கும். "இடைவெளியை மாற்றாதே" என்று சொல்லாமல் விட்டால், நல்ல வாசிப்பாளர் பழக்கத்தில் விகிதத்தைச் சரிசெய்துகொண்டே போவார். கடற்காகம் பறந்துவிடும்!

நெருப்புப் பறவை

இந்தச் சறுக்கல் புகழ்பெற்றது ரஷ்யரான இகோர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'நெருப்புப் பறவை' என்ற பாலே நாடகத்தால். 1910 ஜூன் 25 அன்று பாரிஸில் முதன்முதலில் மேடையேறியது. அப்போது அவருக்கு வயது 28. கஷ்சேய் என்ற மந்திரவாதியின் தோட்டத்துக்குள் இளவரசன் வருவதற்கு முன்னால், இருட்டில் அடித்தொண்டை ஒலியில் இசை தொடங்கும். கொஞ்ச நேரத்தில் வயலின்களும் மற்றக் கம்பி வாத்தியங்களும் சீரிசைகளில் சறுக்கும். இருட்டில் மத்தாப்புப் பொறி பறப்பது போல இருக்கும்.

இதற்காக அவர் செய்த ஒரு வேலையைப் பாருங்கள். வயலினின் கடைசிக் கம்பி ஈ. அவருக்கு வேண்டியதோ டி-யின் சீரிசைகள். எந்தக் கம்பியோ அந்தக் கம்பியின் வாய்ப்பாடுதான் உள்ளே இருக்கும், வேறு ஸ்வரத்தின் வாய்ப்பாட்டைக் கடன் வாங்க முடியாது. ஆகவே முதல் வயலின்காரர்கள் ஈ கம்பியைத் தளர்த்தி டி ஆக்கிக்கொள்ள வேண்டும் என்று எழுதிவிட்டார்.

இந்தச் சறுக்கலைத் தன் குருநாதர் ரிம்ஸ்கி-கோர்சகோவின் மகன்களிடம், ஒருவர் வயலின், ஒருவர் செல்லோ, ஆசை ஆசையாகக் காட்டியதாகப் பிற்காலத்தில் ஸ்ட்ராவின்ஸ்கி சொல்லியிருக்கிறார். இரண்டு வருடம் கழித்து பெர்லினில் இதைக் கேட்ட பெரிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் வியந்துபோனார் என்றும் சொல்லியிருக்கிறார். கூட இருந்தவர்களுக்குக் கையால் காட்டிவிடலாம். ஆனால் அதற்கப்புறம் எத்தனையோ நாடுகளில், அவர் முகத்தையே பார்க்காதவர்கள் இதை வாசித்திருக்கிறார்கள், இன்றும் வாசிக்கிறார்கள். அவர்களுக்குக் காட்டியது காகிதம்தான்.

அப்படியானால் எப்படி எழுதுவது நல்லது?

இத்தனையும் பார்த்தபின் எனக்குத் தோன்றுவது இது: முதலில் கைக்கு எழுத வேண்டும், காதுக்கு ஒரு குறிப்பும் வைக்க வேண்டும். வாசிப்பவர் தேடாமல் கையை வைக்க வேண்டும். மற்றவர்கள் சத்தம் என்னவென்று யூகிக்க வேண்டும். அதற்குத் தாளில் இருக்க வேண்டியவை:

1. எந்தக் கம்பி? கம்பியின் எண்ணை எழுத வேண்டும். வேறு கம்பியில் செய்தால் வேறு குடும்பத்தின் ஸ்வரங்கள் வந்துவிடும்.

2. எங்கே ஆரம்பம், எங்கே முடிவு? இரண்டு சாய்சதுரம். "மேலே எங்காவது" என்று விடக்கூடாது.

3. நடுவே நேர்கோடு, அதன் மேல் கிளிசாண்டோ என்ற சொல்.

4. எத்தனை தட்டு? மெதுவாகப் போனால் மெலிந்த சீரிசைகளும் பேசும், வேகமாகப் போனால் மினுமினுப்பு மட்டும் வரும். கால அளவு மாறினால் சத்தமே மாறிவிடும்.

5. கேட்கப்போகும் முக்கியமான ஸ்வரங்களைச் சின்னதாக, அடைப்புக்குறிக்குள், கோட்டுக்கு மேலே. எல்லாவற்றையும் எழுத வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வயலின்கள் சேர்ந்து சறுக்கும்போது ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபடும். அந்த வேறுபாடுதான் மினுமினுப்பு. குறிப்பிட்ட ஒரு ஸ்வரத்தில் நிற்க வேண்டும் என்றால் மட்டும் அதை அழுத்தமாக எழுத வேண்டும்.

6. முதல் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்: "சாய்சதுரம் உள்ள இடத்தில் விரலை அழுத்தாமல் தொட்டபடி சறுக்கவும்."

ஆறாவதுதான் ரொம்ப முக்கியம் என்று நினைக்கிறேன். இது புது யோசனையும் இல்லை. வயலினுக்குச் சீரிசைகளை முதன்முதலில் அச்சிட்ட தாளில் எழுதியவர் என்று பெயர் பெற்ற பிரான்ஸ் நாட்டு மோந்தோன்வில், 1738 வாக்கில் வெளியிட்ட தன் புத்தகத்தில் குறிகளை மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அதன் முன்னுரையில் இதை எப்படி வாசிப்பது என்று விளக்கமும் எழுதினார். புதுக் குறி போடுகிறவர் அதற்கு அர்த்தமும் சொல்லிவிட வேண்டும். நம் வரைபடத்தில் ரயில் பாதைக்கு ஒரு குறி, ஆற்றுக்கு ஒரு குறி என்று மூலையில் கட்டம் போட்டு எழுதுகிறோமே, அதே மாதிரிதான். அந்தக் கட்டம் இல்லாவிட்டால் ரயில் ஆற்றில் ஓடும்!

யோசியுங்கள்

நம் 60 செ.மீ. கம்பியில் 36 செ.மீ.யில் லேசாகத் தொட்டால் எந்த ஸ்வரம் வரும்? 45 செ.மீ.யில் தொட்டால்? பின்னத்தைச் சுருக்கிப் பாருங்கள். பலகையும் பென்சிலும் வைத்து நீங்களே சரிபார்க்கலாம். விடையைத் துண்டுச் சீட்டில் எழுதி இந்தத் தாளுக்குக் கீழே செருகிவிடுங்கள். சரியான விடை அடுத்த இதழில்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி